குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. சோற்றை அறவே நிறுத்தி, இரவில் சூப் மட்டும் குடித்து, ஐந்து மாதத்தில் 82 கிலோவிலிருந்து 70-க்கு வந்தேன். அப்புறம் ஒரே வருடத்தில் மறுபடியும் 79. முன்பு சாப்பிட்ட அளவுக்கு மேல் சாப்பிடவும் இல்லை. அதே டயட்டை மறுபடி தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முன்பு சாப்பிட்ட அளவு 82 கிலோ உடம்புக்குச் சரியாக இருந்தது. 70 கிலோ உடம்புக்கு அது அதிகம். எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைகிறது, கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30. பன்னிரண்டு கிலோவுக்குக் கணக்குப் போட்டால், சட்னியோடு இரண்டு தோசை அளவு வரும்.

இதைவிடப் பெரிய வில்லன் பசி. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சாப்பிடத் தூண்டும் உந்துதல் நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016-இல் கணக்கிட்டது. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின்தான் ‘சேமிப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் சரியும். மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும். மெல்போர்னில் பத்து வாரம் கடும் டயட் இருந்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சோற்றை நிறுத்தியதும் முதலில் சட்டென்று இறங்கிய ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். சூப்பில் புரதம் அதிகம் கிடையாது. அதனால் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் ஏறுகிறது. அதே டயட்டை மறுபடி செய்தால் இன்னும் கொஞ்சம் தசை போகும், அவ்வளவுதான்.

இந்த முறை நான்கைந்து கிலோ குறைந்ததும் நிறுத்துங்கள். அந்த எடையிலேயே சில மாதம் நிற்கப் பழகுங்கள். குறைப்பதைவிட இதுதான் கடினம். ‘முப்பது நாளில் பத்து கிலோ’ விளம்பரக்காரர்கள் பதின்மூன்றாம் மாதத்துப் படத்தை ஏன் போடுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். சோறு இருக்கட்டும், அளவு குறையட்டும். மூன்று வேளையும் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று ஏதாவது புரதம் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி, தினமும் நடை. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறியதுமே கவனித்தால் சமாளிக்கலாம், ஒன்பது ஏறிய பிறகு சிரமம்.

எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். செமாகுளூடைடு என்ற அந்த ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், இழந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசியை அடக்கிய மருந்து போனால் பசி வரத்தானே செய்யும்?

தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். இவற்றில் எதையாவது எடுத்து வந்தால் நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.