கறுப்பு டின்ட்டுக்கு டாக்டர் கடிதம் போதுமா?

கேள்வி: எனக்கு லூப்பஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருக்கிறது. ஈசூனிலிருந்து துவாஸுக்குத் தினமும் நானே காரோட்டிப் போகிறேன். வலது கையும் கன்னமும் சிவந்து தடித்துவிடுகின்றன. டாக்டர் கடிதம் இருந்தால் முன் கதவுக் கண்ணாடிகளிலும் கறுப்பு டின்ட் ஒட்டலாம் என்கிறார் ஒரு கடைக்காரர். ஒட்டலாமா?

பதில்: கடிதத்தை மட்டும் நம்பி ஒட்டிவிடாதீர்கள். சிங்கப்பூரில் முன்புறக் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 25 விழுக்காடு. உங்களுக்கு இன்ன நோய் என்று டாக்டர் எழுதித் தரலாம். இந்த அளவில் விலக்குக் கேட்பதென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம்தான் கேட்க வேண்டும். ஒட்டிக் கொடுப்பதோடு கடைக்காரர் வேலை முடிந்துவிடும். வாகனப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அதைவிட முக்கியமானது ஒன்று: உங்கள் தோலுக்கு வேண்டியது இருட்டு அல்ல. லூப்பஸைக் கிளறிவிடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். முன்புறக் கண்ணாடி இரண்டு அடுக்கு. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் ஏடு அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்குதான். புற ஊதாக் கதிரில் 'பி' வகையை அது நிறுத்தும், 'ஏ' வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். நம் ஊர் காரில் ஓட்டுநருக்கு வலப்பக்கம் ஜன்னல். சிவப்பதும் உங்கள் வலது கைதானே?

இதற்கு நிறமற்ற ஃபிலிமே போதும். 99 விழுக்காடு புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். கண்ணாடி தானே கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும். கண்ணாடி 78 விழுக்காடு, ஃபிலிம் 90 விழுக்காடு வெளிச்சத்தை விடும் என்றால் இரண்டும் சேர்ந்து விடுவது 70.2 (78இல் 90 விழுக்காடு), தப்பித்தீர்கள். அதே ஃபிலிமை 75 விழுக்காட்டுக் கண்ணாடியில் ஒட்டினால் 67.5, சட்டத்துக்குப் புறம்பு. ஆகவே ஃபிலிம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்காமல், முதலில் உங்கள் கார் கண்ணாடியை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். அளக்கத் தயங்கும் கடை வேண்டாம்.

முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் தொடரட்டும். வேறு யாராவது ஓட்டும் நாளில் பின் இருக்கையில் உட்காருங்கள். அங்கே கருமையான ஃபிலிமுக்குச் சட்டமே இடம் தருகிறது.

இவ்வளவு செய்தும் சிவப்பு அடங்கவில்லையா? அப்புறம் தோல் நிபுணரைப் பாருங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளும் தோலை வெயில் தாங்காததாக்கும். சிலருக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே ஆகாது. புரோட்டோபார்ஃபிரியா என்ற அரிய நோய் அந்த வகை. அவர்களுக்குத் தெளிவான ஃபிலிம் போதாது. விலக்குக் கேட்க வலுவான காரணம் இருப்பது இவர்களுக்குத்தான்.

அப்படிக் கேட்பதானால் நிபுணரின் கடிதம் விவரமாக இருக்கட்டும்: என்ன நோய், எந்த ஒளி ஆகாது, தெளிவான ஃபிலிமும் உடையும் ஏன் போதவில்லை, எந்தக் கண்ணாடிக்கு எத்தனை விழுக்காடு வேண்டும். இரவிலும் அடைமழையிலும் கருமையான ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாமல் போகும் ஆபத்து நிஜம். அதனால் பார்வைப் பரிசோதனை முடிவையும் இணைப்பது நல்லது. ஆணையத்திடமிருந்து எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே கடைக்குப் போங்கள்.