கும்பிடுகிறவர் நினைத்தபடி வரும் தெய்வம்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் எங்கள் மேசை விளையாட்டில் ஒரு நதி தேவதையை அழைக்கும் சடங்கு உண்டு. யார் அழைத்தாலும் அதே தோற்றம், அதே ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), அதே வசனம். ஊர்க்காரர்களின் நம்பிக்கைக்கு ஏற்ப அவள் மாறி வர என்ன விதி வைக்கலாம்?

ப: அவள் குணத்தை கேம் மாஸ்டரின் (ஆட்டத்தை நடத்துகிறவரின்) நோட்டில் பூட்டி வைக்காமல் பக்தர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பக்தர் கூட்டத்துக்கும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் தெய்வம் எதையாவது செய்தாக வேண்டும். 'கருணையானவள்' என்று எழுதினால் மேசையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆடமுடியாது. 'மூழ்குகிறவரைத் தூக்கிவிடுவாள், பதிலுக்கு அவர் குரலை எடுத்துக்கொள்வாள்' என்று எழுதிப் பாருங்கள். அழைக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே அரைமணி நேரம் ஓடும்.

அடுத்தது எடை. சின்னக் கூட்டத்துக்கு ஆறுமுகப் பகடை ஒன்று, ஊரில் கணிசமானவர்கள் என்றால் இரண்டு, பெரும்பாலோர் என்றால் மூன்று. சடங்கு முடியும்போது எல்லாச் சீட்டுக்கும் உருட்டுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் விழுந்த மிகப் பெரிய எண் மட்டுமே கணக்கு. எந்தச் சீட்டு முந்துகிறதோ அந்த நம்பிக்கையின்படி அவள் வருவாள். சமமானால் இரண்டு நம்பிக்கைகளும் ஒரே உடலில் வரும். தூக்கிவிடுகிற கையும் அமுக்குகிற கையும் ஒருத்திக்கே இருந்தால் எப்படி இருக்கும்? ஆட்டத்தில் ஆகச் சிறந்த காட்சிகள் அங்கேதான் கிடைக்கும்.

விழுந்த எண்களைக் கூட்டிவிடாதீர்கள். ஒற்றைப் பகடை மூன்றின் கூட்டுத்தொகையை மிஞ்சுவது நூற்றுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். சிறுபான்மையின் நம்பிக்கை பெயருக்குத்தான் இருக்கும். பெரிய எண்ணை மட்டும் பார்த்தால் அதே ஒற்றைப் பகடை நூற்றுக்குச் சுமார் 17 தடவை வெல்லும், இன்னொரு 17 தடவை சமமாகும். ஒதுக்குப்புறத்தில் நாலு பேர் கும்பிடுகிற கொடூர வடிவம் எப்போது வருமோ என்ற பயம் அப்போதுதான் நிலைக்கும்.

மூன்று சீட்டுக்கு மேல் வேண்டாம், யாருக்கும் நினைவிருக்காது. வலிமைக்கு, மேசையிலுள்ள மொத்தப் பகடைகளை எண்ணி, பகடைக்கு 15 ஹிட் பாயின்ட் என்று வைத்துத் தொடங்குங்கள். உங்கள் குழுவின் நிலையைப் பார்த்து ஏற்றி இறக்கலாம்.

கே: கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) ஆடுகிற நண்பர், 'பூசாரி நான், நான் நினைக்கிறபடிதான் கடவுள் வரவேண்டும்' என்கிறார். சரியா?

ப: இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் 2014 விதிப்படி, 10ஆம் நிலை கிளெரிக் தெய்வத்தை உதவிக்கு அழைத்து 1 முதல் 100 வரை விழும் பகடையை உருட்டலாம். தன் நிலை எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் உதவி கிடைக்கும். பிறகு 7 நாள் அழைக்க முடியாது. ஆக, 10ஆம் நிலையில் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். உதவி எந்த வடிவில் வரும் என்பதையோ கேம் மாஸ்டர் முடிவு செய்கிறார். பூசாரி கதவைத் தட்டலாம். உள்ளிருந்து வருவது யார் என்பதைச் சீட்டுகள் சொல்லட்டும். நண்பரின் மனம் நோகாமலிருக்க, அவர் விரும்பும் சீட்டுக்கு ஒரு பகடையை மறுபடி உருட்ட விடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் பக்தர்கள் வெறும் அலங்காரம்.

கே: ஊரில் வதந்தி பரப்பித் தெய்வத்தையே மாற்றப் பார்க்கிறார்கள் என் ஆட்டக்காரர்கள். தடுக்கலாமா?

ப: ஏன் தடுக்க வேண்டும்? இந்த விதியின் ருசியே அதுதான். வேகத்துக்கு மட்டும் கடிவாளம் போடுங்கள்: ஒரு அமர்வில் ஒரு சீட்டு, அதில் ஒரு சொல் மட்டும் மாறலாம். 'குரலை' என்பதை 'பெயரை' என்று மாற்றினாலே வேறு தேவதை. ஊரார் நம்பும்படி ஒரு சாட்சியமும் காட்ட வேண்டும்: போலி அற்புதமோ, பழைய கல்வெட்டோ. குட்டு வெளிப்பட்டால் அந்தச் சீட்டு ஒரு பகடையை இழக்கும். இன்னொன்று: மாறிய தெய்வத்துக்குத் தான் மாறியது தெரியக் கூடாது. எப்போதும் இப்படித்தான் இருந்தேன் என்றே அவள் நினைப்பாள். தெரிந்துவிட்டால் பழிவாங்கும் கதையாகிவிடும், அதை எல்லோரும் ஆடியாயிற்று.

கே: கணினி விளையாட்டுகளில் இது உண்டா?

ப: நீங்களே கடவுளாக ஆடும் பாப்புலஸில் (1989) பின்பற்றுவோர் பெருகப் பெருக உங்கள் சக்தி ஏறும், குணம் மாறாது. பிளாக் அண்ட் ஒயிட்டில் (2001) காட்டிய அற்புதத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் கிராமத்தாருக்கு அலுத்துவிடும். இந்த அலுப்பை உங்கள் மேசைக்கும் கடன் வாங்கலாம்.

கே: பக்தர்கள் எல்லோரும் அழிந்தால்?

ப: டொமினியன்ஸ் வரிசைக் கணினி விளையாட்டுகளில் உங்கள் தெய்வத்தின் ஆதிக்கம், அதாவது அதன்மேல் உள்ள நம்பிக்கை, எல்லா இடத்திலும் அணைந்துபோனால் ஆட்டத்திலிருந்தே நீங்கள் வெளியே. ஆனால் தெய்வம் போரில் செத்தால் பூசாரிகள் கூடித் திரும்ப அழைக்கலாம். தனக்குத் தெரிந்த மந்திர வகை ஒவ்வொன்றிலும் ஒரு படி இழந்து அது திரும்பும். உங்கள் மேசையில் கடைசிச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். பகடை இல்லாமல் கவிழ்த்து வையுங்கள். அந்தக் கதையை யாராவது ஒரு குழந்தையிடம் சொன்னால் ஒரு பகடையோடு சீட்டை நிமிர்த்தலாம், 15 ஹிட் பாயின்டோடு தேவதை வருவாள்.