உண்டியல் சில்லறையும் வங்கிச் சீட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்திலும், புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடிய கூட்டம் கலைந்த வாரத்திலும் என் தொலைபேசி ஓயாது. எல்லாம் சில்லறை விஷயம்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வங்கிக் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன், இப்போது இரண்டு கோயில்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் கேட்கிறார்கள். பலருக்கும் உதவக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உண்டியலைத் திறந்து ஆறு பேர் உட்கார்ந்து எண்ணினோம். சில்லறை மட்டும் 6,420 ரேண்ட். வங்கியில் 6,388 ரேண்ட் 50 சென்ட் என்று சீட்டுக் கொடுத்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், "எண்ணினது யார் யார்?" என்று கேட்டுவிட்டார். நான் பொருளாளர், எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. குறைகிற பணத்தை நானே போட்டு நேராக்கிவிடட்டுமா, ஐயா?
சாட்ஸ்வொர்த் வாசகர்

போடாதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை. கைக்காசைப் போட்டால் கணக்குப் பார்வைக்கு நேராகிவிடும், குறைந்ததற்கான காரணம் அப்படியே புதைந்துபோகும். அடுத்த வருடமும் அதே குறை வரும். சந்தேகப்பட்டவரும், "எடுத்ததனால்தானே திருப்பிப் போட்டான்" என்று நினைப்பார்.

முதலில் தொகையைப் பாருங்கள். 31 ரேண்ட் 50 சென்ட் குறைகிறது. அதை 45 சென்டால் வகுத்தால் மீதியில்லாமல் 70 வருகிறது. 50 சென்ட் என்று எண்ணிய ஒரு காசு உண்மையில் 5 சென்டாக இருந்தால் 45 சென்ட் குறையும். அப்படி எழுபது காசு கலந்திருந்தால் உங்கள் கணக்கு ஒரு சென்ட் பிசகாமல் சரியாக வருகிறது. 5 சென்ட் காசு அடிப்பதை 2012இலேயே நிறுத்திவிட்டார்கள். கடையில் அதைக் கேட்பாரில்லை. அதனால் வீட்டு டப்பாவில் கிடப்பதை எல்லாம் ஜனங்கள் உண்டியலில்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். 50 சென்ட் காசின் விட்டம் 22 மில்லிமீட்டர், 5 சென்ட் 21 மில்லிமீட்டர். ஒன்று மஞ்சள், மற்றது செம்பு நிறம். புதுக் காசாக இருந்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். ஆனால் உண்டியலில் எண்ணெய்க் கையும் குங்குமமும் விபூதியும் பட்டு ஒரு வருடம் கிடந்த காசுக்கு ஏது நிறம்? இரண்டும் ஒரே கறுப்பு. ராத்திரி பத்து மணிக்கு, கண் எரிய எண்ணுகிறவர் கையில் அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியாது.

இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வங்கியில் போய், எந்தக் காசு எத்தனை இருந்தது என்ற பிரிவுவாரிக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் தாளில் 50 சென்ட் எத்தனை, அவர்கள் தாளில் எத்தனை என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சண்டை போட்டாலும் விடை வராது. வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இன்னொன்றையும் பாருங்கள்: 54 என்பதை 45 என்று யாராவது மாற்றி எழுதியிருக்கலாம்.

அடுத்த முறை எண்ணுவதற்கு முன், காசை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிப் பழைய துண்டில் நன்றாக உலர்த்துங்கள். ஈரக் காசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணும் இயந்திரத்தில் தகராறு செய்யும். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். அப்புறம் வகைவாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கி, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணி, இருவரும் அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 10 சென்ட் 2 கிராம், 20 சென்ட் 3.5, 50 சென்ட் 5, ஒரு ரேண்ட் 4, 2 ரேண்ட் 5.5, இருநிற 5 ரேண்ட் 9.5 கிராம். ஒரு ரேண்ட் காசு 250 சேர்ந்தால் ஒரு கிலோ. நூறு 50 சென்ட் காசு 500 கிராம் இருக்க வேண்டும். 5 சென்டின் எடை 4.5 கிராம்தான், எனவே நூறில் பத்து கலந்திருந்தாலும் 495 என்று தராசே காட்டிக்கொடுக்கும். தேய்ந்த காசால் ஒரு கிராம் முன்னே பின்னே இருக்கும், அதைப் பெரிதாக்க வேண்டாம்.

இந்த வருடக் கணக்கில் மூன்று வரி எழுதுங்கள்: எங்கள் எண்ணிக்கை இவ்வளவு, வங்கி வரவு இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. அதை அடுத்த கூட்டத்தில் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். ஒளிக்காமல் படித்தவர் மேல் பழி போட யாருக்கும் சுலபத்தில் மனம் வராது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், ஐயா.

பையை சீல் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்துக் குறைவாக வரவு வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?
டோங்காட் வாசகர்

சீல் பையை வங்கியின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், பொதுவாக வங்கி எண்ணுவதுதான் கணக்கு. நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே அது இருக்கும், எடுத்துப் படியுங்கள். கவுண்டரில் உங்கள் கண்முன் எண்ணினால் சீட்டு வாங்குமுன் மறுபடி எண்ணச் சொல்லலாம். அதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது காசாளருக்கும் நல்லதுதான்.

ஒரு தடவை என்றால் எழுதி வைத்துக்கொண்டு விடுங்கள். தொடர்ந்து குறைந்தால் பை எண், தேதி, உங்கள் எண்ணிக்கைத் தாள் எல்லாம் சேர்த்துக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நிதி ஆம்பட் (குறைதீர்ப்பு) அமைப்புக்குப் போகலாம். 2024 மார்ச் 1 முதல் வங்கிப் புகார்களை அதுதான் பார்க்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. கையில் தாள் இல்லாமல் போனால் எங்கும் நிற்காது.

உண்டியலில் ஸ்வாசிலாந்து, லெசோத்தோ, நமீபியா காசுகள் கிடக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று மதிப்புதானே, கலந்து கட்டிவிடலாமா?
வெருலம் வாசகி

கலக்காதீர்கள். மதிப்பு ஒன்றுக்கு ஒன்றுதான். நம் ரேண்ட் அங்கே செல்லும், அவர்கள் காசு இங்கே செல்லாது. கலந்து கொடுத்தால் வங்கி அதை ஒதுக்கிவிடும், உங்கள் கணக்கில் குறை விழும். தனி டப்பாவில் போட்டு வையுங்கள். எஸ்வாத்தினி (ஸ்வாசிலாந்தின் இப்போதைய பெயர்) பக்கம் போகிற பக்தர் ஒருவர் நிச்சயம் கிடைப்பார், அவரிடம் கொடுத்து ரேண்டாக மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டோடு சேர்ந்த டக் ஷாப் (சிறு தின்பண்டக் கடை) நடத்துகிறேன். பிள்ளைகள் எல்லாம் சில்லறையாகத்தான் கொண்டுவருகிறார்கள். அதை வங்கியில் கட்டினால் கட்டணமே கடித்துவிடுகிறது.
ஃபீனிக்ஸ் வாசகி

உங்கள் கோபம் நியாயம், தங்கச்சி. நோட்டுக்கு ஒரு கட்டணம், சில்லறைக்கு அதைவிடக் கூடுதல் என்று வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. பணம் போடும் தானியங்கி இயந்திரங்கள் பெரும்பாலும் நோட்டை மட்டுமே வாங்கும். உங்கள் கணக்கு வகைக்கான கட்டணப் பட்டியலைக் கிளையில் கேட்டு வாங்கி, சில்லறை என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் சில்லறையை வங்கிக்கே கொண்டுபோக வேண்டாம். உங்களுக்குச் சுமையாக இருப்பது பக்கத்தில் யாருக்கோ அவசரத் தேவை. காலையில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு மீதி கொடுக்கக் காசு வேண்டும். ரொட்டிக் கடைக்கு வேண்டும். சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கிற அம்மாவுக்கு வேண்டும். நூறு நூறு ரேண்டாகப் பை கட்டி, மேலே தொகையை எழுதி வையுங்கள். அவர்கள் கண்முன் எண்ணிக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பல வருடமாக இப்படித்தான் செய்கிறார். அவர் பை என்றால் யாரும் திரும்ப எண்ணுவதுகூட இல்லை. நீங்கள் மட்டும் எண்ணிக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

கடன் பாக்கி 300 ரேண்டை ஒருவர் முழுக்க 20 சென்டாகக் கொண்டுவந்து கொட்டினார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. ஒரே தடவையில் கொடுக்கும்போது ஒரு ரேண்டும் அதற்கு மேற்பட்ட காசுகளும் 50 ரேண்ட் வரை, 10 முதல் 50 சென்ட் வரையான காசுகள் 5 ரேண்ட் வரை, 5 சென்டும் அதற்குக் கீழானவையும் 50 சென்ட் வரை. அதற்கு மேல் வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் அந்த மனிதர் வீம்புக்குக் கொட்டினாரா, வேறு வழியில்லாமல் கொண்டுவந்தாரா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

நோட்டும் சில்லறையுமாக 60,000 ரேண்ட் கட்டப் போகிறோம். 50,000ஐத் தாண்டினால் அரசாங்கத்துக்குத் தகவல் போகும் என்கிறார்கள். பிரித்துப் பிரித்துக் கட்டலாமா?
கோயில் கமிட்டி உறுப்பினர், டர்பன்

பிரிக்கவே பிரிக்காதீர்கள். 49,999 ரேண்ட் 99 சென்டுக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி நிதிப் புலனாய்வு மையத்துக்கு அறிக்கை அனுப்பத்தான் வேண்டும். அது வங்கியின் கடமை, உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை. நேர்மையாக வந்த காணிக்கையைத் தகவலுக்குப் பயந்து துண்டு போட்டால்தான் சந்தேகம் வரும். உண்டியல் திறந்த தேதி, எண்ணியவர்கள் கையெழுத்து, கமிட்டித் தீர்மானம் மூன்றையும் கோப்பில் வைத்துக்கொண்டு ஒரே தடவையில் கட்டுங்கள்.

பாட்டி நாற்பது மண்டேலா 5 ரேண்ட் காசு சேர்த்து வைத்திருக்கிறார். லட்சக்கணக்கில் போகுமாமே?
லெனேசியா வாசகர்

போகாது. 2008இல் அவருடைய 90ஆம் பிறந்தநாளுக்கு வந்ததும், 2018இல் நூற்றாண்டுக்கு வந்ததும் புழக்கத்துக்காக ஏராளமாக அடித்த காசுகள். கைமாறித் தேய்ந்த காசுக்கு 5 ரேண்ட்தான் மதிப்பு. பெரிய விலை சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் பாட்டியை அனுப்பிவிடாதீர்கள். ஆசையாகச் சேர்த்தவர், அவரிடமே இருக்கட்டும்.

வங்கியில் 200 ரேண்ட் அதிகமாக வரவு வைத்துவிட்டார்கள். எங்கள் எண்ணிக்கை சரி என்று நிச்சயமாகத் தெரியும். கோயில் பணம்தானே, அம்மன் கொடுத்தது என்று விட்டுவிடலாமா?
வாசகர், டர்பன்

வேண்டாம் ஐயா. அந்த 200 ரேண்ட் அன்று சாயங்காலம் ஒரு காசாளரின் கல்லாவில் குறைந்திருக்கும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன். ஒரு நாள் 100 ரேண்ட் குறைந்து, எல்லாரும் போன பிறகு ஏழு மணி வரை ஒவ்வொரு கட்டாகப் பிரித்துத் தேடினேன். கடைசியில் மேசை இழுப்பறைக்குப் பின்னால் இரண்டு 50 ரேண்ட் நோட்டு மடிந்து கிடந்தது. அன்றைக்கு என் விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் பணத்தை எண்ணியவரும் இப்போது அப்படித் தேடிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை வங்கி திறந்ததும் போய்ச் சொல்லிவிடுங்கள். டெபாசிட் சீட்டையும் உங்கள் எண்ணிக்கைத் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், திருத்தியதற்குப் புதுச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.