குரோமோசோம் ரிப்போர்ட்டும் குடும்பத்தின் பயமும்: கேள்வி பதில்

குரோமோசோம்களைப் பரிசோதிக்கும் சைட்டோஜெனடிக்ஸ் லேபில் வேலை பார்ப்பவள் என்பதால் உங்கள் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்து, அளவு பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மேடம், நான் சொந்தத் தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன். முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள்.

காரணம் அது இல்லை. இதை உங்கள் வீட்டாருக்கு வாசித்தே காட்டுங்கள். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற ஆபத்து வேறு. ஒரே ஜீனின் பழுதான பிரதி கணவன், மனைவி இருவரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டும் போய்ச் சேர்வதால் வருவது அது. தலசீமியா, சில வகை பிறவிக் காதுகேளாமை எல்லாம் அந்த ரகம்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக மூன்றாவது ஒன்று இருக்கும். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது அந்த ஜோடி சரியாகப் பிரியாததால் வருவது. நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் நடந்திருக்கலாம். குழந்தையின் ரிப்போர்ட்டில் வழக்கமான 46க்குப் பதில் மொத்தம் 47, கூடவே '+21' என்று மட்டும் இருந்தால் இதுதான். அடுத்த குழந்தைக்குத் திரும்ப வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவில்தான். வயது கூடினால் கொஞ்சம் ஏறும். 46 என்று போட்டு இடமாற்றம் (ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டியிருப்பது) என்று எழுதியிருந்தால் மட்டும் நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு எக்கோ எடுத்தாயிற்றா? இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். தைராய்டும் காதும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை. வீட்டில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

எனக்கு 37 வயது, மூன்றாம் மாதம். டபுள் மார்க்கரில் '1:180, ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

அந்தச் சிவப்பு எழுத்தை முதலில் மறந்துவிட்டு எண்ணைப் பாருங்கள். இதே முடிவு வந்த 180 பேரில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், 179 பேருடைய குழந்தைக்கு இல்லை. டபுள் மார்க்கர் என்ற இந்த ரத்தப் பரிசோதனை, யாருக்கு மேலும் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுக்கும் சல்லடை மட்டுமே.

வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். உங்கள் முட்டைக்கும் உங்கள் வயதுதான். அத்தனை வருடம் ஜோடியைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் தளர்ந்துபோகின்றன. 35 வயதில் சுமார் 350 பிரசவத்தில் ஒன்று, 40 வயதில் சுமார் நூற்றில் ஒன்று டவுன் சிண்ட்ரோம்.

அடுத்து என்ன? தாயின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி ஒரு வழி. நல்ல பரிசோதனை, ஆனால் அந்த டிஎன்ஏ நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. அதில் பாசிட்டிவ் வந்தாலும் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் போகக் கூடாது.

சார் (மேடமா?), எனக்கு '46, எக்ஸ்ஒய், இன்வ்(9)' என்று வந்திருக்கிறது. 9ஆம் குரோமோசோம் தலைகீழாக இருக்கிறதாம். கல்யாணம் நின்றுவிடுமோ?

மேடம்தான். நூறு பேரை எடுத்தால் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த இன்வ்(9) இருக்கும். குரோமோசோமின் ஒரு துண்டு வழக்கமான இடத்தில் திரும்பியிருந்தால் அதை நாங்கள் நோய் என்று எண்ணுவதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் காரணமே இல்லாமல் கேரியோடைப் (இந்தக் குரோமோசோம் பரிசோதனை) எடுப்பது இப்போது சில இடங்களில் பழக்கமாகி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அக்கா, இரண்டு கரு கலைந்துவிட்டது. பரிசோதித்ததில் எனக்கு எல்லாம் சரி, கணவருக்கு 45தானாம். 14உம் 21உம் ஒட்டியிருக்கிறதாம். ஒன்று குறைந்தும் அவர் எப்படி நன்றாக இருக்கிறார்?

இரண்டு புத்தகங்களை ஒன்றாகத் தைத்து பைண்ட் பண்ணினால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், பக்கம் குறையாது. அவர் நிலைமை அதுதான். ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் இருக்கும்.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. ஒட்டிய குரோமோசோமோடு இன்னொரு 21உம் சேர்ந்து போகலாம், அல்லது ஏதாவது ஒன்று போகாமலே விடலாம். அப்படி உருவாகும் கருவில் பெரும்பாலானவை கலைந்துவிடும். பொதுவாகவே முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் கோளாறு இருக்கும். ஆகவே உங்கள் இரண்டுக்கும் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இந்த இடமாற்றம் தாயிடம் இருந்தால் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10 முதல் 15. தந்தையிடம் இருந்தால் ஒன்று அல்லது அதற்கும் கீழே. இயல்பாகவே கருத்தரித்து, 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவையோ பிறகு பனிக்குட நீரையோ பார்க்கலாம். ஐவிஎஃப் செய்து கருவைப் பரிசோதித்து வைப்பதும் உண்டு; செலவு அதிகம். அப்புறம், அவருடைய கூடப்பிறந்தவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். இங்கே மட்டும் 'இது குடும்பத்தில் ஓடுமா' என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு.

மகளுக்கு 15 வயது, வயதுக்கு வரவில்லை, உயரமும் குறைவு. டர்னர் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று குறைவு. தாயின் வயதால் வருவதில்லை, உங்கள் தவறும் இல்லை. ஹார்மோன் டாக்டரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோன் எலும்பு முற்றுவதற்குள்தான் பலன் தரும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியையும் பார்த்தே ஆக வேண்டும். அறிவுத்திறன் பொதுவாக இயல்பாகவே இருக்கும், சிலருக்குக் கணக்கு கொஞ்சம் கஷ்டம்.

அப்பாவுக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய், 'பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்'. எனக்கும் தங்கைக்கும் வருமா?

அப்பாவிடமிருந்து வராது. அவர் பிறக்கும்போது அது இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், பிற்காலத்தில் 9உம் 22உம் துண்டுகளை மாற்றிக்கொண்டன. விந்தணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் பிலடெல்பியாவில் இந்தக் குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். அது இடமாற்றம் என்று 1973இல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி. துண்டுகள் ஒட்டிய இடத்தில் உருவாகும் ஒரு புரதம்தான் செல்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. அதையே தடுக்கும் இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது, 2013இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இங்கே மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா ஒரு நாள்கூட மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரகணத்தன்று வெளியே போய்விட்டேன், ஐந்தாம் மாதம்...

ஒன்றும் ஆகாது. அநேகமாக கரு உண்டாகும்போதே குரோமோசோம் கணக்கு முடிந்துவிடுகிறது.

ரத்தம் கொடுத்து பத்து நாளாகிறது, ரிப்போர்ட் வரவில்லை. ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தமா?

இல்லை. உங்கள் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாக எண்ணுகிறோம். இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். அதற்குள் தினமும் போன் பண்ணாதீர்கள், எண்ணிக்கை விட்டுப்போகிறது!