சாரதியைப் பார்க்கும் கமரா

கேள்வி: கல்முனை–மட்டக்களப்பு ஓடும் எங்கள் வானில் சாரதியின் கவனத்தைப் பார்க்கும் கமரா பூட்டினோம். பக்கக் கண்ணாடியைப் பார்த்தாலே கத்துகிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கதைத்தால் சும்மா இருக்கிறது. ஏன்?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அது அகச்சிவப்பு ஒளியில் இமையையும் தலை திரும்பும் கோணத்தையும் அளக்கிறது, மனம் அதற்குத் தெரியாது. கண்ணாடிக்கே கத்தினால் கமரா சரிந்திருக்கலாம், அல்லது பார்வை விலகியதும் கத்துமுன் அது பொறுக்கும் நேர எல்லை குறைவு. சாரதியை நேரே பார்க்கவைத்து மீள அளவெடுத்து, எல்லையை 2 செக்கனாக்குங்கள். அதற்கு மேல் கூட்டவே வேண்டாம்: 60 கிலோமீற்றர் வேகத்தில் 2 செக்கனுக்குள் வான் 33 மீற்றர் ஓடிவிடும்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீதான் பெரிய கவலை. மூளை பேச்சில் இருந்தால், கல்லடியில் குறுக்கே வரும் சைக்கிள் கண்ணில் விழுந்தும் மனதில் பதியாமல் போகலாம். அவர் ஓடும் நேரத்தில் நீங்களும் கோல் எடுக்காதீர்கள்.