ஸ்லைடு புளூஸ் வாசிக்க எந்த அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குவது? உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் கிட்டார்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. கையில் இருக்கும் கிட்டாரில் ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய்) போட்டுப் பார்த்து, கடகடவென்று சத்தம் வந்து வெறுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இதைக் கேட்ட காலத்தில் எல்லோரும் ஒரே குரலில் ரெசனேட்டரைத்தான் கை காட்டினார்கள். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ரெசனேட்டர் பிறந்ததே சத்தத்துக்காக. மின்சாரக் கிட்டார் வராத காலத்தில், மற்ற வாத்தியங்களின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று 1920களின் பிற்பகுதியில் அலுமினியக் கூம்பு வைத்துச் செய்தார்கள். புளூஸ் கலைஞர்களான சன் ஹவுஸும் புக்கா வைட்டும் அதில் வாசித்ததைக் கேட்டு நானும் உருகியிருக்கிறேன். ஆனால் இன்னொரு புளூஸ் கலைஞரான ராபர்ட் ஜான்சன் அந்தப் புகழ்பெற்ற ஸ்டுடியோ படத்தில் பிடித்திருப்பது மரத்தாலான கிப்சன் கிட்டார். ஒலிப்பதிவிலும் அதையேதான் வாசித்தாரா என்று சண்டைக்கு வராதீர்கள். மரக் கிட்டாரிலும் ஸ்லைடு பேசும், என் கட்சி அவ்வளவுதான்.

என்னுடையது சின்ன உடல் கொண்ட, மேல்பலகை ஒட்டுப்பலகையாலான சாதாரணக் கிட்டார். ஒலி நெடுநேரம் நிற்காது, சட்டென்று அடங்கிவிடும். புளூஸுக்கு அந்த வறட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. முக்கியமானது தந்தியின் உயரம். 12ஆவது ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த தந்திக்குக் கீழே 3 முதல் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஸ்லைடு ஃபிரெட்டில் இடிக்காது. தந்தியும் கனமாக இருக்க வேண்டும். 13இல் தொடங்கும் செட், அதாவது மிக மெல்லிய தந்தியே 0.013 அங்குலத் தடிமன் உள்ளது, போடுங்கள். நைலான் தந்திக் கிட்டார் இதற்கு உதவாது.

இந்த உயரத்தைப் பாடுபட்டு அமைத்து வைத்திருந்தேன். சுருதித் திருகு ஒன்றை மாற்றித் தரச் சொல்லிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். நான் கேட்காமலேயே அவர், தந்திகளைத் தாங்கி நிற்கும் சேடிலை அரத்தால் தேய்த்து இறக்கிவிட்டு, "இனி விரல் வலிக்காது சார்" என்று சிரித்த முகத்துடன் நீட்டினார். ஸ்லைடை வைத்தால் ஃபிரெட்டுக்கு ஃபிரெட் டக் டக். தேய்த்ததற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டார்! கேட்டதை மட்டும் செய்து கொடுக்கும் ஆள் எந்தத் தொழிலிலும் இப்போது கிடைப்பதில்லை; முடி வெட்டப் போனாலும் இதே கதைதான். கடைசியில் உயரமான எலும்புச் சேடிலை நானே பொருத்திக்கொண்டேன்.

சுருதிக்கு ஓபன் டி போதும், எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும். தடித்த தந்தியிலிருந்து: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஓபன் ஈ-க்கும் இதே இடைவெளிகள்தான், ஆனால் அதற்கு மூன்று தந்திகளை ஏற்றி முறுக்க வேண்டும். கனத் தந்தி போட்ட மெல்லிய கிட்டாரில், தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம். தேவைப்பட்டால் டி-யிலேயே வைத்து இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது ஸ்லைடையும் எடுத்துச் செல்லுங்கள். சுண்டுவிரலில் மாட்டி, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வைத்து, பின்னால் மற்ற விரல்களால் தந்தியை மெல்லத் தொட்டபடி மீட்டிப் பாருங்கள். கடையில் தந்தி தாழ்வாகத்தான் இருக்கும், இடிக்கும். அதற்காக நல்ல கிட்டாரைத் தள்ளிவிடாதீர்கள். சேடிலை உயர்த்திக்கொள்ளலாம். கழுத்து வளைந்திருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பணம் தாராளமாக இருக்கிறது, ரெசனேட்டர்மேல்தான் ஆசை என்றால் வாங்குங்கள், நான் யார் தடுக்க? சதுரக் கழுத்து வேண்டாம், அது மடியில் கிடத்தி வாசிப்பதற்கானது.