பில்லூர் அணையின் மூன்றாவது குடிநீர்த் திட்டமும் வந்தாச்சு, கோவையில் சில இடங்களில் ஏன் இன்னும் வாரம் ஒருமுறைதான் தண்ணீர்?

குடிநீர்க் குழாய் டிசைன் வேலையில் பல வருஷம் இருந்தவன், கோவைக்காரன். அதனால் சொல்கிறேன்: அணையில் தண்ணீர் இருப்பதும் உங்கள் குழாயில் தண்ணீர் வருவதும் வேறு வேறு கணக்கு.

அணைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மாநகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். 2011-ல் குனியமுத்தூர், சரவணம்பட்டி, வடவள்ளி எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டு ஆனபோது மக்கள்தொகை சுமார் 16 லட்சம், அதற்கு 21.6 கோடி லிட்டர் வேண்டும். 2024-ல் திறந்த பில்லூர் மூன்றாவது திட்டம் மட்டுமே சுமார் 17.8 கோடி லிட்டர். சிறுவாணி அணை நன்றாக இருக்கும்போது 10 கோடி தரும், கோடையில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிய வருஷங்களும் உண்டு. இது போக பில்லூரின் பழைய இரண்டு திட்டங்கள், ஆழியாறு அணை. ஊர் அதற்குப் பிறகும் வளர்ந்திருக்கிறது, ஆனாலும் வாரம் ஒருமுறை விடும் அளவுக்கு ஊற்று வறண்டுவிடவில்லை.

சிக்கல் தெருவுக்கு அடியில். ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள் என்று வையுங்கள். 120 மணி நேரத்துக்கான தண்ணீர் அந்த மூன்று மணி நேரத்தில் ஓடியாக வேண்டும், அதாவது சராசரியைப்போல 40 மடங்கு. பெரிய நகரக் குழாயை நாங்கள் சராசரியைப்போல இரண்டு மடங்குக்குத்தான் கணக்குப் போடுவோம். ஒரே குழாயில் ஓட்டம் இரட்டிப்பானால் உராய்வில் போகும் அழுத்தம் மூன்றரை மடங்குக்கு மேல். வாசலுக்கு வாசல் மோட்டார் வேறு உறிஞ்சும். கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும், மீட்டர் வைத்திருந்தால் அந்தக் காற்றுக்கும் சுற்றும்.

ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வால்வு திறப்பவரோடு போனேன். நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, சுற்றுகளை வாய்க்குள் எண்ணியபடி திருப்பிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இதை முழுசாத் திறந்துட்டா மேட்டுத் தெருவுக்கு ஏறாதுங்க சார்" என்றார். வரைபடத்தில் அந்தத் தெரு மேடு என்றே இல்லை. அந்தப் பகுதியின் விநியோகமே அவர் நினைவில்தான் இருந்தது. அவர் லீவு போட்டால்? சரி, அதை விடுங்கள்.

முதல் ஐந்து நிமிஷம் கலங்கலாக வருகிறதே, அதற்கும் இப்படி நாள் விட்டு நாள் விட்டுத் தண்ணீர் திறப்பதே காரணம். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டு வண்டலை இறக்கி, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் நாலைந்து நாள் குழாய் காலியாகக் கிடந்தால், ஒழுகும் இணைப்பு வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். நம் வீட்டு இணைப்புக் குழாய்கள் பாதிக்குப் பாதி சாக்கடையைக் கடந்துதானே வருகின்றன! இருக்கிற குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். சிறுவாணி ருசி என்று பெருமைப்படுகிறோம், அந்த ருசி நிலையத்தைத் தாண்டும் வரைக்கும் உத்தரவாதம்.

அதனால் என்னைக் கேட்டால் நாலாவது அணையைத் தேடுவதற்கு முன், பகுதி பகுதியாகப் பிரித்து அந்தந்தப் பகுதிக்கு மேல்நிலைத் தொட்டி, நுழைவில் ஒரு மீட்டர், வீட்டு இணைப்புகளைப் புதிதாக மாற்றுவது என்றுதான் போவேன். எப்போதும் அழுத்தம் இருந்தால் அழுக்கும் உள்ளே வராது, மோட்டாரும் வேண்டாம். கோவைக்கு 2018-ல் ஒப்பந்தமான 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். தெருவெல்லாம் தோண்டிப் போட்டார்களே என்ற உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் தோண்டாமல் இதைச் செய்ய முடியாது.

இவ்வளவும் எழுதுகிற நான் எங்கள் வீட்டு சம்ப்பை இன்னும் மூடவில்லை. மனைவி விடமாட்டேன் என்கிறார்.